"என்ன குறை வைத்தோம்?": முதல் முறை தனி வாடகை வீட்டுக்குப் போன ஒரு மகள் – நிகழ்வு ஆய்வு

குடும்ப ஆலோசனைக்கு வருகிறவர்களில், வீட்டை விட்டு முதல் முறையாகத் தனி வாடகைக்குப் போனவர்கள் அநேகமாக ஒரே வாக்கியத்தோடுதான் வருவார்கள்: "எனக்குத் தனியா இருக்கத் தெரியல." இங்கே சொல்லப்போகிறவரும் அதைத்தான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் என்னென்ன கலந்து கிடந்தன, அவற்றில் எவை கையால் சரிசெய்யக்கூடியவை, எது அப்படிச் சரியாகாதது என்று பிரித்தெடுக்கவே பல வாரங்கள் ஆயின. அந்தப் பிரிப்புதான் இந்த ஆய்வின் மையம். குடும்பத்துக்குள் அவருக்கு இருந்த இடத்தை வைத்து, அவரை மகள் என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

மகளுக்கு வயது 27. நிலையான வேலை. அண்ணன் திருமணமாகித் தனியே இருக்கிறார். மகள் மட்டும் பிறந்ததிலிருந்து அம்மா அப்பாவோடு. அந்த வீட்டில் சண்டை, கண்டிப்பு, அவமானம் எதுவும் கிடையாது. சிக்கலே அங்கேதான் தொடங்கியது.

சண்டை போட்டுக்கொண்டு வெளியேறுகிறவருக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருக்கும். இவருக்கு அதுவும் இல்லை. தனியாகப் போகிறேன் என்று பேச்செடுத்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "உனக்கு இங்க என்ன குறை வெச்சோம்?" குறை ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. ஆனாலும் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டுமே என்று அலுவலகம் தொலைவு என்றார். அப்பா வண்டி வாங்கித் தருவதாகச் சொன்னார். படிக்க அமைதி இல்லை என்றார். மாடி அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். சொன்ன காரணம் ஒவ்வொன்றையும் பெற்றோர் அன்போடு தீர்த்துவைத்தார்கள். தீர்க்கத் தீர்க்க மகளுக்கு வாயடைத்துப் போனது. காரணம் சொன்னால், பிள்ளைமேல் அக்கறை உள்ளவர்கள் அதைத் தீர்க்கத்தானே பார்ப்பார்கள். "நானே ஒரு வீட்டை நடத்திப் பாக்கணும், எனக்கு அது வேணும்" என்ற ஒரே நிஜமான வாக்கியம் இரண்டு வருடப் பேச்சில் ஒருமுறைகூட வெளியே வரவில்லை.

கடைசியில் அலுவலகத் தொலைவைச் சாக்காக வைத்தே போனார். போன பிறகும் அந்தச் சாக்கு அவரை விடவில்லை. வேலைக்காகத்தான் இந்த வீடு என்றால் சனி ஞாயிறில் இங்கே என்ன வேலை? வெள்ளி மாலையே அம்மா வீடு, திங்கள் காலை அங்கிருந்தே அலுவலகம். வாடகை கொடுக்கும் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட அவர் பார்த்ததில்லை.

வந்தபோது இருந்த நிலை

குடியேறிய ஐந்தாவது வாரத்தில் வந்தார். இரவு இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு, நெஞ்சு படபடப்பு, அதன் பிறகு தூக்கம் கிடையாது. மருத்துவரிடம் காட்டி இதயத்திலும் இரத்தத்திலும் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வந்திருந்தார். அதை முதலில் செய்தது நல்லது. படபடப்பு என்றதும் "மனசுதான் காரணம்" என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. மூட்டைகளில் பாதி இன்னும் பிரிக்கப்படவில்லை. இரவு ஒன்பதரைக்கு அம்மாவின் போன் வரும். வைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பிப் போய்விடலாமா என்பதே அவர் கேட்க வந்த கேள்வி.

அந்தக் கேள்விக்கு அப்போது பதில் சொல்ல நான் மறுத்தேன். தூக்கமில்லாத ஒருவர் வீட்டைப் பற்றி எடுக்கும் முடிவு, பெரும்பாலும் தூக்கத்தைப் பற்றிய முடிவாகவே இருக்கும். அதற்குப் பதிலாக, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து மூன்றே விஷயம் எழுதச் சொன்னேன்: எத்தனை மணிக்கு விழித்தீர்கள், விழித்ததும் காதில் என்ன விழுந்தது, முதலில் வந்த நினைப்பு என்ன.

நோட்டு சொன்னது

புது இடத்தில் முதல் இரவு சரியாகத் தூங்காதது யாருக்கும் இயல்பு. தூக்க ஆய்வகங்களில் 1966லேயே இதைப் பதிவு செய்து, முதல் இரவு விளைவு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 2016இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ டமாகியும் யூகா சசாகியும் அவர்களுடைய குழுவினரும் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போனது. புது இடத்தின் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிடக் குறைந்த ஆழத்திலேயே தூங்குகிறது. வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டால் அந்தப் பாதி சட்டென்று எதிர்வினை காட்டுகிறது. அதே ஆட்களை அதே இடத்தில் மறுபடி தூங்கவைத்தபோது அந்த வித்தியாசம் மறைந்தது. உடம்பு தன் பாட்டுக்குக் காவல் இருந்து பார்த்துவிட்டு, ஆபத்தில்லை என்று தெரிந்ததும் காவலை விலக்கிக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

மகளுக்கு ஐந்து வாரம் ஆகியும் காவல் விலகவில்லை. அப்படியானால் காவல் காக்க ஏதோ காரணம் இன்னும் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தபோது அந்தக் காரணங்கள் வரிசையாகத் தெரிந்தன. இரண்டரை மணிக்குச் சுவருக்குள் "டம்" என்று ஒரு சத்தம். வாசல் கதவு: "முன்னாடி இருந்தவங்ககிட்ட சாவி இருக்குமோ?" பணம்: மாதக் கடைசி நெருங்கும் நாட்களில் எல்லாம் இதே நினைப்புதான். அம்மாவின் போன்: பேசிவைத்த இரவுகளில் விழிப்பு அதிகம், போன் வராத ஒரு இரவில் விழிப்பே இல்லை. ஐந்தாவதாக, இந்த நான்கிலும் சேராத சில வரிகள் இருந்தன: "வேலை முடிஞ்சு கதவத் திறந்தேன். யாரும் வந்துட்டியான்னு கேக்கல."

முதல் நான்குக்கும் வழி இருந்தது. ஐந்தாவது வேறு வகை. இத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து "தனிமை" என்று பெயர் வைத்திருந்ததால்தான், எதை எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. நண்பர்களும் அதே பெயரை வைத்து, வெளியே போ, ஆட்களோடு பழகு என்று சொல்லியிருந்தார்கள். வெளியே போய்வந்த பிறகும் பூட்டு அதே பூட்டாகத்தான் இருந்தது.

சத்தமும் சாவியும்

சுவர்ச் சத்தத்தின் நேரம் நோட்டில் கிட்டத்தட்ட மாறவே இல்லை. பேய்க்கும் திருடனுக்கும் அவ்வளவு நேரம் தவறாமை இருக்காது என்று மகளே சொன்னார். விசாரித்ததில், மேல்மாடியில் இருப்பவர் இரவுப் பணி முடிந்து அந்நேரத்தில்தான் திரும்புகிறார். கைகால் கழுவிவிட்டுக் குழாயை அழுத்தி மூடுகிறார். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், அதன் வேகம் குழாயின்மேல் மோதி, சுவருக்குள் சரியாகப் பிடிப்பில்லாத குழாய் அதிரும். விஷயம் அவ்வளவுதான். மகள் மேலே போய்ப் பேசினார். அவர் வருத்தப்பட்டு, இனி மெதுவாக மூடுவதாகச் சொன்னார். சில இரவுகளில் மறந்தும் போனார். ஆனால் சத்தத்துக்கு ஒரு முகம் கிடைத்த பிறகு, விழித்தாலும் "அக்கா வந்துட்டாங்க" என்று திரும்பிப் படுத்துக்கொள்ள முடிந்தது.

பூட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருந்தேன். வாடகை வீட்டின் சாவி இதுவரை எத்தனை கைகளுக்குப் போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பயம் கற்பனை அல்ல. அதற்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது சரியான வைத்தியமும் அல்ல. பல கதவுகளில் பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. சாவி நுழையும் பகுதியை மட்டும் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பழைய பகுதியைக் காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிடுவதாகவும் எழுதிக்கொடுத்து மாற்றினார். அதற்கு அரை மணி நேரம் பிடித்தது. அன்றிரவுக் குறிப்பில் கதவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதோடு வீட்டைத் தெரிந்துகொள்ளும் வேலையும் நடந்தது. மெயின் சுவிட்ச் பெட்டி அலமாரிக்குப் பின்னால் இருந்தது, அலமாரியை நகர்த்தினார். எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துச் சீட்டு ஒட்டினார். மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழும் சுவிட்ச், வீடுகளில் வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும்படி இருக்கும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்றும் உண்டு. அழுத்திப் பார்த்தார், வேலை செய்தது. தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வைக் கண்டுபிடித்தார். சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசல், கறை, உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் படமெடுத்துத் தேதியோடு உரிமையாளருக்கு அனுப்பினார். குடியேறிய அன்றே செய்திருக்க வேண்டியது. முன்பணம் திரும்ப வரும்போது தகராறு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இதெல்லாம் ஆலோசகரின் வேலையா என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். ஆம் என்றே நினைக்கிறேன். விளக்கு அணைந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு இருட்டைக் கண்டு வரும் பயம் குறைகிறது.

கணக்கு

சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை போகக் கூடாது என்ற விதியை மகள் எங்கோ படித்திருந்தார். அவருடைய வாடகையோ 41. அந்த 11 சதவீதத்தை ஒரு குற்றம்போல மனதில் சுமந்துகொண்டிருந்தார். இந்த விதியின் பூர்வீகம் தெரிந்தால் அந்தப் பாரம் கொஞ்சம் குறையும். அமெரிக்காவில் 1969இல், அரசு வீடுகளில் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்களிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். 1981இல் அதை 30 ஆக்கினார்கள். ஒரு அரசு தன் குடியிருப்பாளர்களிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்குப் போட்ட எல்லைதான் பிறகு எல்லோருக்குமான பொது விதியாகப் பரவியது. தனி ஆளுக்கு அதைவிடப் பயனுள்ள கேள்வி: வாடகை போக மீதமிருப்பதில் மாதம் ஓடுமா?

கைக்கு வரும் சம்பளத்தை 100 என்று வைத்துக் கணக்கிட்டோம். வாடகை 41. மின்சாரம், தண்ணீர், இணையம் 9. போக்குவரத்து, முன்பு 12 ஆக இருந்தது இப்போது 4. சாப்பாடும் வீட்டுச் சாமானும் 20. காப்பீடு, தொலைபேசி 6. அம்மா வீட்டுக்கு 15. கூட்டினால் 95. மீதி 5. சேமிப்பாக இருந்ததையெல்லாம் முன்பணமும், வாளி, திரை, பல்பு, துடைப்பம் என்று முதல் மாதத்தில் வாங்கிய சில்லறைச் சாமான்களும் கொண்டுபோயிருந்தன. இப்படிச் சில்லறையாகப் போகும் காசு ஒவ்வொன்றும் சிறியது. சேர்ந்தால் அரை மாத வாடகை. முதல் முறை போகிறவர்கள் கணக்கில் விடுவது பெரும்பாலும் இதைத்தான்.

அந்த 15ஐக் கைகாட்டினேன். வீட்டில் இருந்தபோது கொடுத்துவந்த அதே தொகை. பெற்றோருக்கு அது தேவைப்படவில்லை என்பது மகளுக்கே தெரியும். வெளியேறியதற்கு அபராதம்போல அதைக் கட்டிக்கொண்டிருந்தார். குறைக்கலாமா என்று வீட்டில் பேசச் சொன்னபோது, அம்மாவின் பதில் எதிர்பார்த்ததுதான்: "அந்தப் பணத்துக்காகவா உன்னை வளத்தோம்?" அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கணக்குத் தாளை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "வருஷத்துக்கு ஒரு தரம் வர்ற செலவு எதையும் போடலையே. ஒப்பந்தம் புதுப்பிக்கணும், ரிப்பேர் வரும். மாசம் நாலு தனியா எடுத்து வை" என்று சொன்னார். அவர் சொன்னது சரி. வீட்டுக்குக் கொடுப்பது 5 ஆனது; மீதி 15இல் 4 வருடச் செலவுக்கு. எனக்கு இந்த நிகழ்வில் முக்கியமான திருப்பமாகப் படுவது அந்தத் தாள்தான். அதுவரை அப்பாவிடம் மகள் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாளிலிருந்து யோசனை கேட்கத் தொடங்கினார்.

ஒன்பதரை மணிப் போன்

அம்மாவும் மகளும் சேர்ந்து ஒருமுறை வந்தார்கள். "அவ பயப்படுறா, அதனாலதான் தினம் கேக்குறேன், கதவப் பூட்டினியா, கேஸ மூடினியான்னு," என்றார் அம்மா. மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க கேட்ட பிறகுதாம்மா எனக்குப் பயமே வருது."

இதில் இருவருமே சரி. அம்மாவின் பயம் கேள்வியாக வருகிறது. மகள் "பூட்டிட்டேன்" என்றதும் அம்மாவுக்கு ஒரு இரவுக்கு ஆறுதல். ஆனால் மறுநாள் அதே ஆறுதல் மறுபடி தேவைப்படும். இப்படிக் கேட்டுக்கேட்டுத் தணிக்கும் பயம் தணிந்ததாக ஆவதே இல்லை. அதற்காகப் போனை நிறுத்தச் சொல்லவும் நான் தயாரில்லை. பெற்றோரோடு உள்ள சிக்கலைத் தொடர்பை அறுத்துத் தீர்க்க முயல்கிறவர்கள் அந்தச் சிக்கலைத் தங்களோடு எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள் என்று குடும்பச் சிகிச்சையின் முன்னோடியான மர்ரே போவன் விளக்கியிருக்கிறார். என் அனுபவமும் அதுவே. எனவே நேரத்தையும் பேச்சின் பொருளையும் மட்டும் மாற்றினோம். படுக்கும் நேரத்தில் பேசுவதற்குப் பதில் வேலை முடிந்து திரும்பும் வழியில் பேசுவது. கதவு, கேஸ் பற்றிக் கேள்வி இல்லை. பதிலுக்கு மகள் தானாகவே அன்று எடுத்த ஒரு முடிவைச் சொல்ல வேண்டும், ஒரு விஷயத்தில் அம்மாவின் யோசனையைக் கேட்க வேண்டும். முதல் சில நாட்கள் பேச்சு தடுமாறியது. அம்மா ஒருநாள் சொல்ல ஒன்றுமில்லாமல் போனை வைத்துவிட்டு அழுதிருக்கிறார்.

பெரிய மோதல் வந்தது மாற்றுச் சாவியில். பூட்டை மாற்றியதும் கூடுதல் சாவியைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் தோழியிடம் மகள் கொடுத்துவைத்தார். அவசரத்துக்கு அதுதான் அருகில். அம்மாவுக்குத் தெரிந்ததும் மூன்று நாள் பேச்சு இல்லை. "எங்களைவிட அவ பெரிசா?" நான் தலையிடவில்லை. மகளே யோசித்து, இன்னொரு சாவி செய்து அப்பாவிடம் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: வருவதற்கு முன் போன் செய்ய வேண்டும். அப்பா தலையாட்டினார். அம்மா அந்த நிபந்தனையை இன்றுவரை ஏற்கவில்லை. ஆனால் மீறியதும் இல்லை.

ஐந்தாவது

இனி, வழி இல்லாதது. சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். பழக நாலு பேர் இல்லாத தனிமை ஒன்று; நெருக்கமான ஒரு உறவு பக்கத்தில் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தீர்க்காது என்பது அவர் சொன்னதில் முக்கியமானது. மகளுக்கு நண்பர்கள் இருந்தார்கள். இல்லாமல் போனது, கதவு திறக்கும் சத்தத்துக்கு உள்ளிருந்து வரும் ஒரு குரல். இதை நான் நோயாகப் பார்க்கவில்லை. 27 வருடம் கேட்ட குரல் நின்றுபோனால் வருத்தம் வரத்தான் செய்யும். தானே விரும்பித் தேர்ந்தெடுத்த பிரிவுக்கும் துக்கம் உண்டு. நாமே கேட்டு வாங்கியதற்கு அழலாமா என்ற வெட்கம்தான் அதை இன்னும் கனமாக்குகிறது.

ஒன்று மட்டும் செய்யச் சொன்னேன்: ஒன்றுவிட்டு ஒரு வார இறுதியில் இங்கேயே இருந்து பாருங்கள். முதல் ஞாயிறு நோட்டில் இப்படி இருக்கிறது: "மூணு மணிக்கு அழுதேன். நாலு மணிக்குத் திரை மாட்டினேன். கம்பி கோணலா இருக்கு. பரவால்ல." அடுத்து இருந்த வார இறுதியில் மீதி மூட்டைகளைப் பிரித்தார். மாலையில் வீட்டுக்குள் வந்ததும் வானொலியைப் போட்டுவிடும் பழக்கம் தானாக வந்தது. அழுகை நின்றுவிட்டதா என்று நான் கேட்கவில்லை. இடைவெளி கூடியிருக்கிறது என்று அவரே சொன்னார்.

எட்டாவது மாதம்

தூக்கம் சரியாகிவிட்டது. ஒரு மழை இரவில் மின்சாரம் போனபோது, டார்ச்சோடு பெட்டியைத் திறந்து, எந்த சுவிட்ச் விழுந்தது என்று பார்த்து, ஈரமான வெளி விளக்கின் இணைப்பை மட்டும் அணைத்துவைத்துவிட்டு மற்றதை ஏற்றிக்கொண்டார். அதை மறுநாள்தான் அம்மாவிடம் சொன்னார்.

எல்லாமே நேராகிவிடவில்லை. உறவினரிடம் அம்மா இன்னும் "வீட்ட விட்டுப் போனவ" என்றே சொல்கிறார். "என்ன குறை வெச்சோம்" என்ற கேள்விக்கு, "குறையே இல்லம்மா, எனக்கு ஆசை" என்று மகள் ஒருவழியாகச் சொல்லியும் விட்டார். அம்மா அதை நம்பினாரா என்று தெரியவில்லை. அப்பா நம்பினார்.

இந்த நிகழ்வை மற்றவர்களுக்குப் பொருத்திப் பார்க்கும் முன் ஒரு எச்சரிக்கை. இவருக்கு வேலை இருந்தது, கொஞ்சம் சேமிப்பு இருந்தது, திரும்பிப் போனால் திறக்கும் கதவும் இருந்தது. அடி, மிரட்டல், கட்டாயம் காரணமாக வீட்டை விட்டு வருகிறவர்களுக்கு இங்கே சொன்ன பலதும் பொருந்தாது. சில ஆபத்தாகவே முடியும். அவர்களிடம் மாற்றுச் சாவியையும் தினசரிப் போனையும் பேசக் கூடாது. அடையாள ஆவணங்களைக் கையில் எடுத்துக்கொள்வது, முகவரியை ரகசியமாக வைப்பது, நம்பகமான ஒருவருக்கு மட்டும் தகவல் சொல்வது என்று பாதுகாப்பிலிருந்துதான் அங்கே தொடங்க வேண்டும். வேலை போய், கடன் ஏறி, உண்மையிலேயே கட்டுப்படி ஆகாமல் திரும்பிப் போகிறவர்களும் தோற்றவர்கள் அல்ல. திரும்புவது என்ற முடிவு நடுராத்திரியில் எடுக்கப்படாமல், கணக்குத் தாளை முன்னால் வைத்துப் பகலில் எடுக்கப்பட வேண்டும் என்பது மட்டுமே என் வற்புறுத்தல்.

மகளுக்கும் அந்தக் கேள்வி மறுபடி வந்தது. ஒப்பந்தம் முடியும் முன்பே உரிமையாளர் வாடகையை ஏற்றப்போவதாகச் சொன்னார், ஏற்றினால் 46. திரும்பிப் போவதையும் ஒரு வழியாக வைத்தே கணக்குப் போட்டார். கடைசியில், இன்னும் சிறிய, 33க்குள் அடங்கும் ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறார். முதல் வீட்டின் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர், இந்த ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து மூன்று இடத்தில் திருத்தம் கேட்டிருக்கிறார். ரிப்பேர் யார் பொறுப்பு, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற இரண்டுக்கும் உரிமையாளர் சம்மதித்துவிட்டார். முன்பணம் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. அது எழுத்தில் வந்தால்தான் கையெழுத்து என்று சொல்லியிருக்கிறார்.